மறியலில் உள்ளார் மக்களைப் பேணுதல் சிவதருமமே



திருக்கோணமலையைப் பாடியருளிய திருஞானசம்பந்தமூர்த்தி சுவாமிகளுடைய திருவரலாற்றை அறியாத சைவர் இத்துறைமுக நாட்டில் இலர். மூன்று வயதுக் குழந்தையாகிய அவர் தந்தையார் சிவபாதவிருதயரைத் தொடர்ந்து சென்று சீகாழித் திருக்குளக் கரையில் இருந்ததும், தந்தையார் நீருள் மூழ்கி மந்திரம் செபித்தபோது பிள்ளையார் அழுததும், இறைவன் பணிப்ப உமாதேவியார் பொற்கிண்ணத்திலே ஞானப்பாலை ஊட்டியருளியதும் நம் வீட்டுத் தாய்மார் தம் மக்களுக்கு உறங்கும் வேளையிற் சொல்லும் கதைகளாம். அக்கதையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கின்றோம். ஆயினும் அவ்வழுகைக்கு வாயிலாயது யாது என்று நின்று நோக்குவோர் சிலரே. முன்னைப் பிறவித் தொடர்பு மூண்டெழுந்தமை ஒரு காரணமாகச் சேக்கிழார் சுவாமிகளாற் கூறப்பட்டது. அத்தொடர்பு மூண்டெழுவதற்கு வாயிலாக நின்றதோ, கண்முன் இருந்த தந்தை திடீரெனக் காணப்படாமையேயாம். தந்தையைக் காணாது ஒரு பிள்ளை அழுதது. அவ்வழுகை திருத்தோணியில் வீற்றிருந்த பெருமான் திருச்செவியை எட்டியது.

சீகாழிப் பிள்ளையார் தம் தந்தையைக் காணாதிருந்தது சில நாழிகைப் பொழுதே. நம் ஊரிலோ மாதக்கணக்காகவும் ஆண்டுக்கணக்காகவும் தந்தையைக் காணாத பிள்ளைகள் உளர். அவர்களுடைய தந்தையார் நீருள் மூழ்கியவரல்லர். மறியல் மதிலுக்குள் மறைந்தவர். சிலருக்குத் தாயே அவ்வாறு மறைந்தாள். இப்பிள்ளைகளுடைய அழுகை யார் செவியை எட்டுகின்றது? இவ்வினாவையே இன்று நம் சபையார் முன்னிலையில் வைக்கின்றோம்.

முதற்கண் இப்பிள்ளைகள் யாவர் என அறிதல் வேண்டும். மறியலிற் கிடப்பார் எல்லாரும் கொலையும் கொள்ளையும் செய்தார் எனக் கருதுதல் அறியாமையாம். இலங்கைச் சிறைச்சாலைகளிலே தண்டனை பெற்றோரினும், தீர்ப்புப் பெறாது விளக்கமறியலில் இருப்போர் தொகையே அண்மைக் காலத்தில் மிக்கிருக்கின்றது. தண்டனை பெற்றவருள்ளும், நீதிமன்றம் விதித்த குற்றப்பணத்தைச் செலுத்த இயலாமையால் உள்ளே சென்றோர் மிகப் பலர். பிணைநிற்க ஆள் இன்மையாற் கிடப்பவர் உளர். போதைப்பொருளுக்கு அடிமைப்பட்டுத் தம் குடியைக் கெடுத்தவர் உளர். 1979ஆம் ஆண்டிலே இயற்றப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்ப் பிடிபட்டு, வழக்கு முடிவு காணாமல் ஆண்டுகள் பல கழித்த தமிழரும் உளர். மெய்யாகவே பிறருக்குப் பெருந்தீங்கு இழைத்தவரும் உளர். இவர்களுடைய குற்றங்கள் வேறு வேறாகலாம்; இவர்களுடைய பிள்ளைகள் வீட்டு வாயிலில் இருந்து தெருவை நோக்கும் நோக்கு ஒன்றே.

அப்பிள்ளைகளுக்கு நேருவன யாவை? உழைப்பாளி நீங்கவே உலையில் அரிசி குறைகின்றது. வழக்குச் செலவுக்காகத் தோடும் தாலிக்கொடியும் அடகு கடைக்குச் செல்கின்றன. மீன்பிடிக் குடியாயின் வலையும் வள்ளமும் கைமாறுகின்றன. தாய் கூலிவேலைக்குப் போகின்றாள். அல்லது வெளிநாட்டுப் பணிப்பெண்ணாய்ப் போகின்றாள். பிள்ளை அம்மம்மா கையில் வளர்கின்றது. இவை புறத்தே தோன்றும் இடர்கள். அகத்தே நேருவன இவற்றினும் கொடியன. நன்றாய் உறங்கிய பிள்ளை இரவில் அலறி எழுகின்றது, பாயை நனைக்கின்றது. சிரித்து விளையாடிய பிள்ளை வாய்பேசாது மூலையில் ஒதுங்குகின்றது. அல்லது காரணமின்றிப் பிறரை அடிக்கின்றது. பாடத்தில் மனம் செல்வதில்லை. சிறு பிள்ளைகளுக்கு இயல்பாயுள்ள ஒரு மயக்கம் உண்டு: தம்மைச் சூழ நிகழ்வனவெல்லாம் தம்மால் நிகழ்ந்தன என்று எண்ணுவர். ‘நான் அன்று அப்பாவின் சொற்கேளாமையால் அவரைக் கொண்டுபோனார்கள்’ என்று ஓர் ஐந்து வயதுப் பிள்ளை தன்னுள்ளே நினைந்து வெதும்பும். அதனை யாரிடமும் சொல்லாது, நாமும் கேட்பதில்லை.

இன்னும் ஒன்று உண்டு. இது துறைமுக ஊராதலின், பிள்ளை ‘அப்பா எங்கே?’ என்று கேட்டால், ‘கப்பலிற் போயிருக்கிறார்’ என்று சொல்லிவிடுதல் எளிது. இரக்கத்தினாற் சொல்லும் பொய்யே அது. ஆயின் அப்பொய்யை நம்பிய பிள்ளை, உட்துறைமுகத்திற் கப்பல் ஒன்று வந்து நிற்கக் காணுந்தோறும் கரைக்கு ஓடும், கப்பல் போகும், அப்பா வரமாட்டார். என்றோ ஒருநாள் பள்ளிக்கூடத்தில் மற்றொரு பிள்ளை, ‘உன் அப்பன் மறியற்காரன்’ என்று பலர் கேட்கச் சொல்லும். அன்று அப்பிள்ளைக்கு இழப்பு இரண்டு: தந்தையின் மானம் ஒன்று, தாயின் சொல்லில் வைத்த நம்பிக்கை மற்றொன்று. முன்னையதினும் பின்னையதே பெரிது. ஆகலின் பிள்ளையின் வயதுக்கு ஏற்ற அளவில் உண்மையைச் சொல்லுதலே நலம். ‘அப்பா ஒரு பிழை செய்தார் என்று சொல்லுகிறார்கள், பெரியவர்கள் அதை விசாரிக்கிறார்கள், அவர் ஓரிடத்தில் இருக்கிறார், உன்னை நினைத்துக்கொண்டே இருக்கிறார், இதில் உன் பிழை ஒன்றும் இல்லை’ என்னும் இவ்வளவு சொற்கள் ஒரு சிறு பிள்ளைக்குப் போதும். இவற்றுள் ஈற்றிலுள்ள வசனத்தைப் பலமுறையும் சொல்லல் வேண்டும்.

இனி, நம்மவருள் ஒரு சாரார் கூறும் தடையொன்றை ஆராய்வாம். ‘தந்தை செய்த பாவம் பிள்ளையைச் சாரும், அப்பிள்ளை அங்கே பிறந்ததும் அதன் வினைப்பயனே, வினையை யாரால் மாற்றலாகும்?’ என்பர். இதனைச் சைவ சித்தாந்தத்தின் பெயராற் கூறுவது மிகவும் வருந்தத்தக்கது. என்னை? ஆன்மாக்கள் பல; அவை ஒவ்வொன்றும் தான் தான் செய்த வினையின் பயனையே தான் தான் நுகரும் என்பது நம் சித்தாந்தம். ஒருவன் உண்ண மற்றொருவன் பசி தீராதவாறு போல, ஒருவன் செய்த குற்றம் மற்றோருயிரின் குற்றம் ஆகாது. தந்தையிடமிருந்து மைந்தன் பெறுவது உடம்பே, வினை அன்று. ஆதலின் தந்தையின் குற்றத்தை மைந்தன் நெற்றியில் எழுதுதல் நம் நூற்கொள்கைக்கு நேர்மாறாம்.

‘அற்றேல், அத்துன்பச் சூழலிற் பிறந்தமை அப்பிள்ளையின் பிராரத்தம் அன்றோ?’ எனின், ஆகுக. அதனை அளந்தறிதல் இறைவனுக்கு உரியது. நமக்கு உரியது அன்று. நமக்கு உரியது நாம் இன்று செய்யும் செயலே. ஆற்றில் வீழ்ந்தவனைக் கண்டு, ‘வீழ்ந்தது இவன் வினை’ என்று கரையில் நின்றவன், தான் நின்ற அந்நிற்றலாலே தனக்கு ஓர் ஆகாமியத்தை ஈட்டிக்கொண்டான். மேலும், அப்பிள்ளைக்கு உதவி வருதலும் அதன் நல்வினைப்பயனாயின், அவ்வுதவி வானத்திலிருந்து வீழ்வதில்லை. யாரேனும் ஒருவர் கையாலேயே வரும். அக்கை நம் கையாயிருத்தல் தகாதோ? வினைக்கொள்கை நம்மைத் திருத்துதற்கு எழுந்தது. பிறருக்கு உதவாதிருத்தற்குச் சாட்டாக எழுந்ததன்று.

சண்டேசுர நாயனார் புராணத்தை ஈண்டு நினைவு கூர்தல் தகும். மணலாற் சிவலிங்கம் அமைத்துப் பால் ஆட்டி வழிபட்ட விசாரசருமர் என்னும் சிறுவரை, அவர் தந்தையாகிய எச்சதத்தன் கோலால் அடித்தான். திருமஞ்சனப் பாற்குடத்தைக் காலால் இடறினான். அது சிவாபராதம், நம் நூல்கள் கூறும் குற்றங்களுள் மிகப் பெரியது. அக்குற்றம் மைந்தரைச் சார்ந்ததோ? இல்லை. இறைவன் அவர்முன் எழுந்தருளி, இனி உனக்கு நாமே தந்தை என்னும் கருத்துப்பட அருளிச்செய்து, தம் திருமுடிக் கொன்றைமாலையைச் சூட்டினார். அம்மட்டோ? அம்மைந்தராற் கால் வெட்டுண்ட எச்சதத்தனும் குற்றம் நீங்கிச் சிவலோகம் சேர்ந்தான் என்று புராணம் முடிக்கின்றது. தந்தையின் பிழை மைந்தரை இழுத்து வீழ்த்தவில்லை. மைந்தருடைய மேன்மை தந்தையையும் உயர்த்தியது. தந்தையை இழந்த பிள்ளைக்குத் தந்தையாகி நிற்றல் இறைவன் திருச்செயல் எனின், அவன் அடியார் எனப்படும் நாம் செய்யக் கடவது யாது என்று வேறு கூறவேண்டுமோ?

‘மறியற்காரன்’ என்னும் சொல்லைச் சைவன் ஒருவன் வாயிலெடுக்கும்போது சிறிது நாணுதல் வேண்டும். பசு என்பதற்குக் கட்டுண்டது என்பது பொருள். பாசம் என்பது கயிறு. ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலத் தளையிற் கிடக்கும் கைதிகளே நாம் எல்லாரும் என்று நாள்தோறும் ஓதுகின்றோம். விடுதலை வேண்டித் திருச்சந்நிதியில் நிற்கின்றோம். ஒரு சிறையில் உள்ளவன் மற்றொரு சிறையில் உள்ளவனை இகழ்தல் நகைப்புக்கு இடமாம். திருநாவுக்கரசு சுவாமிகள் நீற்றறையில் ஏழு நாள் அடைக்கப்பட்டார். மாணிக்கவாசக சுவாமிகள் பாண்டியன் சிறையிற் கிடந்தார். குற்றவாளியரை அடியார்க்கு ஒப்பாக்குதல் நம் கருத்தன்று. மதிலுக்குள் இருப்பதனால் மட்டும் ஒருவன் இறைவன் அருட்கு எட்டாதவன் ஆகான் என்பதே கருத்து. இடங்கழி நாயனாரோ, தம் நெற்பண்டாரத்திலே களவுசெய்து பிடிபட்டு வந்தவனை ஒறுக்குமுன், ‘நீ இதனைச் செய்ததற்குக் காரணம் என்னை?’ என்று கேட்டறிந்தார். அடியார்க்கு அமுதூட்டப் பொருளின்றிச் செய்தான் என உணர்ந்து, பண்டாரத்தையே அடியார்க்குத் திறந்துவிட்டார். காரணம் வினாவுதலே நாயனார் காட்டிய நெறி.

இனி, நம் நூற்கொள்கையோடு இக்காலத்து ஆராய்ச்சியும் ஒத்து நிற்றலைக் காட்டுவாம். இங்கிலாந்திலே இலண்டன் மாநகரின் தென்பகுதியில், பெரும்பாலும் 1953ஆம் ஆண்டளவிற் பிறந்த 411 சிறுவரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து வந்தனர் அறிஞர். சுவீடன் நாட்டிலே ஸ்ரொக்கோம் நகரத்தில் 1953இற் பிறந்த 15,117 பிள்ளைகளின் வாழ்வும் அவ்வாறே ஆராயப்பட்டது. ஜோசப் மறே, கார்ல்குன்னார் ஜான்சன், டேவிட் பாரிங்டன் என்னும் மூவரும் இவ்விரண்டையும் ஒப்பிட்டு 2007ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். இரு நாடுகளிலும், சிறை சென்றார் மக்கள் பிற்காலத்திற் குற்றஞ்செய்யும் வழியிற் செல்லுதல் ஏனையோரினும் மிகுதியாகக் காணப்பட்டது. ஆயின், தந்தையின் குற்றவொழுக்கத்தால் வந்தது எவ்வளவு, சிறைவாசத்தால் வந்தது எவ்வளவு என்று பிரித்து நோக்கியபோது, இங்கிலாந்திற் சிறைவாசத்தின் கேடு பின்னும் எஞ்சி நின்றது; சுவீடனில் அது எஞ்சவில்லை. இவ்வேறுபாட்டுக்குக் காரணமாகக்கூடும் என அறிஞர் எண்ணியவை, சுவீடனிற் கைதிகள் குடும்பத்தோடு தொடர்புகொள்ளுதற்குச் சிறைவிதிகள் மிக இடந்தருதல், வறிய குடும்பங்களை அரசு தாங்குதல், ஊரார் அக்குடும்பங்களை இரக்கத்தோடு நோக்குதல் என்றித்தகையனவாம்.

அன்பர்களே, இதன் பொருளை ஊன்றி உணர்தல் வேண்டும். தந்தை சிறைசென்றான் என்பது ஒன்றே. அது பிள்ளையைக் கெடுப்பதும் கெடாது விடுவதும் சுற்றியிருக்கும் ஊரைப் பொறுத்தன. ‘கள்ளன் பிள்ளை கள்ளனே ஆவான்’ என்று சொல்லிச் சொல்லியே ஒரு பிள்ளையைக் கள்ளனாக்கும் ஆற்றல் ஊராருக்கு உண்டு. ‘நீ எங்கள் பிள்ளை’ என்று சொல்லி அவனை நன்மகனாக்கும் ஆற்றலும் அவ்வூராருக்கே உண்டு.

அங்ஙனமாயின் நாம் செய்யத்தக்கவை யாவை? அவற்றைச் சீகாழித் திருக்குளக் கரையிலேயே கற்றுக்கொள்ளலாம். அழுத பிள்ளைக்கு அங்கே கிடைத்தவை மூன்று: பால், பாலிற் குழைத்த ஞானம், மீண்டும் தந்தையின் தோள்.

முதலாவது பால். பெருமான் அழுகுரல் கேட்டபோது, பிள்ளையின் தந்தை எங்குச் சென்றான், ஏன் சென்றான் என்று விசாரித்து முடித்தபின் பால் கொடுப்பிக்கவில்லை. முதலிற் பால் வந்தது. மறியலுக்குச் சென்றவனுடைய வீட்டுக்கு முதல் மாதத்திலேயே ஊரார் உதவி செல்லுதல் வேண்டும். ஒரு மூடை அரிசியைப் பலர் அறியக் கொண்டுபோய் வைத்தல் உதவியன்று. அது மற்றொரு நாணம். அயல்வீட்டார் ஒருவர் மூலமாக அடக்கமாய்ச் செய்தலே முறை. நம் கோயில்களில் மகேசுர பூசை நிகழ்கின்றது. அன்னதான மடங்கள் உள. அவற்றில் ஒரு பங்கு இவ்வில்லங்களுக்குச் செல்வதாயின் அடியார் பூசைக்குக் குறைவு வாராது, நிறைவே வரும். குற்றப்பணம் செலுத்த இயலாமையால் மட்டும் ஒருவர் உள்ளே இருப்பாராயின், அச்சிறு தொகையைச் சபையார் கூடிக் கட்டி அவரை வீடு சேர்த்தல் ஒரு திருவிழாச் செலவில் நூற்றிலொரு பங்கினால் முடியும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பொருளில்லாதார்க்கு உதவ 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. அதன் வாயிலை அறியாது அலையும் பாட்டிமாரை அழைத்துச் செல்லுதற்கு நம் இளைஞர் சிலர் முன்வரின் அதுவே பெருந்தொண்டு.

இரண்டாவது ஞானம். இந்நாட்டில் 1945ஆம் ஆண்டு முதல் இலவசக் கல்வி நிலவுகின்றது. ஆயினும் சப்பாத்தும் கொப்பியும் பேருந்துக் கட்டணமும் இலவசமல்ல. பசித்த வயிறு பாடங் கேளாது. பதினைந்து வயது மைந்தன் ‘இனி நான் உழைக்கிறேன்’ என்று பள்ளியை விட்டு மீன்வாடிக்கோ மரக்காலைக்கோ செல்லும் நாள் எதுவோ, அந்நாளே அக்குடியின் இரண்டாம் வீழ்ச்சி தொடங்கும் நாள். அந்நாளுக்கு முன் ஒருவர் அவன் வீட்டுப் படியேறுதல் வேண்டும். ஆசிரியர்க்கு ஒரு விண்ணப்பம்: இப்பிள்ளையின் செய்தி நும் காதிற்கு எட்டினால் அதனைப் பிறரறியாது காத்திடுக, ‘தந்தையின் தொழில் என்ன?’ என்று வகுப்பு முழுவதும் கேட்க வினாவற்க. அடக்கமின்றி நடந்தால் ஒறுக்குமுன் தனியே அழைத்து வினாவுக. பன்னிரு ஆசிரியருள் ஒருவரேனும் தன்னை மதிக்கின்றார் என்று அறிந்த பிள்ளை பெரும்பாலும் வழிதவறாது. அறநெறிப் பாடசாலைகளிலும் தேவாரப் போட்டிகளிலும் இவர்களை முன்வரிசையில் நிறுத்துக. நாயன்மார் குருபூசையில் ஓதுவதற்கும் மாலை கட்டுதற்கும் விளக்கேற்றுதற்கும் இவர்களை அழையுங்கள். தான் வேண்டப்படுகின்றவன் என்னும் உணர்வே குழந்தை வளர்ச்சிக்கு உரமாம்.

நம் முன்னோர் இத்தகைய பணியைச் செய்து காட்டியிருக்கின்றனர். 1923ஆம் ஆண்டில் இந்நகரிலே சைவப் பெண்களுக்கெனத் தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் ஒரு பாடசாலையைத் தோற்றுவித்தார். விபுலாநந்த அடிகளார் கீழ்மாகாணக் கரை நெடுகிலும் பாடசாலைகளை வளர்த்தார். ஆதரவற்ற பிள்ளைகளுக்கு உணவும் உறையுளும் கல்வியும் ஒருங்கே கிடைக்குமாறு மட்டக்களப்பிலே மாணவர் இல்லம் நடைபெறச் செய்தார். பிள்ளையின் குலத்தையும் குற்றத்தையும் கேளாது கற்பித்த அப்பெரியோர் மரபிலே நிற்கின்றோம் என்று கூறிக்கொள்வது எளிது. அம்மரபை இன்னும் ஒரு படி முன்னே கொண்டுசெல்லுதல் நம் கடன்.

மூன்றாவது தந்தையின் தோள். ஞானப்பால் உண்டபின் பிள்ளையார் தந்தையை வேண்டாதவர் ஆகவில்லை. சிவபாதவிருதயர் அவரைத் தோள்மேற் கொண்டு தலங்கள்தோறும் சென்றார் என்பது புராணம். ஞானமே பெற்ற பிள்ளைக்கும் தந்தையின் தோள் வேண்டியதாயிற்று! நாம் அரிசி கொடுத்துப் புத்தகம் கொடுத்துவிட்டால் தந்தைக்குப் பதிலாகிவிட்டோம் என்று கருதலாகாது. 2018ஆம் ஆண்டில் வடமாகாணத்திலே நிகழ்ந்த ஒன்றைப் பத்திரிகைகளில் நீங்கள் படித்திருப்பீர்கள். ஆயுட்கைதி ஒருவரின் மனைவி இறந்தாள். ஈமக்கடனுக்காக அவர் சில மணி நேரமே காவலுடன் அழைத்து வரப்பட்டார். அவர் திரும்பும் வேளையில் அவருடைய சிறு மகள் சிறைச்சாலை வண்டியிலே தானும் ஏறினாள். சட்டமும் தீர்ப்பும் அவளுக்கு என்ன? தாய் போயினாள், தந்தை இருக்கும் இடத்துக்குத் தானும் போதல் வேண்டும் என்பதே அவள் அறிந்த நீதி.

இந்நீதியை உலக நாடுகளும் ஒருவாறு ஒப்புக்கொண்டுள்ளன. ஐக்கிய நாடுகள் 1989ஆம் ஆண்டில் ஏற்றதும் இலங்கை 1991இல் உறுதிசெய்ததுமாகிய சிறுவர் உரிமைச் சமவாயம், பெற்றோரைப் பிரிந்த பிள்ளை, அதன் நலத்துக்கு மாறாகாதவரை, அவர்களோடு இடையறாத் தொடர்பு கொள்ளும் உரிமை உடையது எனவும், பெற்றோருடைய நிலையையும் செயலையும் காரணமாகக் காட்டிப் பிள்ளையைத் தண்டித்தலாகாது எனவும், அரசு பெற்றோரைத் தடுத்து வைத்தாயின் அவர் இருக்குமிடத்தை அறிவித்தல் வேண்டும் எனவும் கூறுகின்றது. இறுதியிற் கூறியதன் அருமையை நம் துறைமுகத்தார் நன்கறிவர். 2015ஆம் ஆண்டு நவம்பரில், காணாமற்போனோர் பற்றிய ஐக்கிய நாடுகளின் செயற்குழுவினர் இத்திருகோணமலைக் கடற்படைத் தளத்தினுள்ளே இரகசியத் தடுப்பிடம் ஒன்றைக் கண்டு வெளிப்படுத்தினர். இருக்கின்றாரோ இல்லையோ என்று அறியப்படாத தந்தையின் பொருட்டுப் பிள்ளை அழவும் இயலாது, ஆறவும் இயலாது.

மூந்நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன் நம் கொட்டியாற்றுக் குடாக்கரையிலே நிகழ்ந்தது ஒன்றையும் ஒப்பு நோக்குக. 1660ஆம் ஆண்டிற் பாய்மரம் பழுதுபட்டு வந்த ஆங்கிலக் கப்பலின் தலைவரையும், அவர் மைந்தராகிய ரொபேட் நொக்ஸ் என்னும் இளைஞரையும் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் பிடித்துச் சென்றனர். மறு ஆண்டிலே தந்தை சிறைவாழ்விலேயே இறந்தார். மைந்தர் பக்கத்திலிருந்து நோயிற் பணிசெய்து அவரை அடக்கமும் செய்தார். பின் 1679இல் தப்பிச் செல்லும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டு மனமுடையாது வாழ்ந்து, இந்நாட்டைப் பற்றிப் புகழ்பெற்ற நூலொன்றையும் எழுதினார். சிறைப்பட்ட தந்தையின் முகத்தைக் கண்டு, சொல்லைக் கேட்டு, முடிவையும் அறிந்த மைந்தனுக்கு ஊன்றி நிற்க ஓரிடம் இருந்தது. அதனையே எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டுகின்றோம்.

ஆதலாற் பிள்ளைகள் பெற்றோரைச் சென்று காண உதவுதல் நம் மூன்றாம் பணி. தண்டனை பெற்ற பெண்கள் பலர் கொழும்பு வெலிக்கடையில் வைக்கப்படுகின்றனர். மூதூரிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் அங்குச் சென்று மீளுதல் ஏழைக் குடும்பத்துக்கு ஒரு வாரக் கூலியை விழுங்கும் செலவாம். நல்லூர்த் திருவிழாவுக்கும் கதிர்காம யாத்திரைக்கும் வண்டி அமர்த்தும் நம் சபைகள், ஆண்டுக்கு இரண்டு முறையேனும் இவ்யாத்திரைக்கும் வண்டி அமர்த்தலாகாதோ? செல்லுமுன் பிள்ளைக்கு, ‘அங்கே பெரிய கதவு இருக்கும், காவலர் இருப்பர், சிறிது நேரமே பேசலாம், திரும்பும்போது அழுகை வரலாம்’ என்று சொல்லி அழைத்துச் செல்க. திரும்பியபின் இரண்டொரு நாள் அது முரண்டுபிடிப்பின் ஒறுக்கற்க. இடையிடையே கடிதம் எழுதுவிக்க; தான் வரைந்த படத்தை அனுப்புவிக்க. தந்தை தன் பிள்ளைக்குத் தீங்கு இழைத்தவனாயின் மட்டும், பிள்ளையின் காவலே முதன்மை. அங்கே காட்சியை வற்புறுத்தலாகாது. அவ்வாறான ஐயம் எழுமிடத்து மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தாரையும், 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கத்தையும் நாடுக.

தாயுடன் சிறையினுள்ளே வாழும் குழந்தைகளும் உளர். இலங்கையில் ஐந்து வயதுவரையும், இந்தியாவில் 2006ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி ஆறு வயதுவரையும் குழந்தை தாயுடன் இருக்க இடமுண்டு. அக்குழந்தையைக் கைதியாக நடத்தலாகாது என்பது 2010ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் ஏற்ற பாங்கொக் விதிகளின் ஆணை. அவ்வயது நிரம்பி அது வெளியே வரும் நாள், தாயின் மடியையும் பழகிய உலகையும் ஒருசேர இழக்கும் நாளாம். மரமும் மாடும் கடலும் அதற்குப் புதியன. அந்நாளில் அதனை ஏற்கும் கை பழகிய கையாயிருத்தல் வேண்டும். ஆகலின் அதற்குப் பல மாதம் முன்னரே உறவினர் சென்று பழகிவருதல் நலம்.

ஈற்றில் ஒன்று. தண்டனை முடிந்து தந்தை திரும்பும் நாள் வரும். பிள்ளை வளர்ந்திருக்கும், அவருக்கு அது புதிது, அதற்கு அவர் புதியவர். அந்நாளில் ஊரார் முகந்திருப்பின், அவர் மீண்டும் பழைய வழிக்கே செல்வார். பிள்ளையின் காத்திருப்பு அனைத்தும் பாழாம். கோயிலிலே திருநீறு கொடுக்கும்போது அவர் கையிலும் கொடுங்கள். வலை இழுக்க ஆள் வேண்டின் அவரையும் கூப்பிடுங்கள்.

நாம் கோணேசப் பெருமானைத் தரிசிக்கச் செல்லும் வழியை எண்ணிப் பாருங்கள். பறங்கியர் 1624ஆம் ஆண்டளவில் நம் பழங்கோயிலின் கற்களைக் கொண்டே எழுப்பிய கோட்டையின் வாயிலை நுழைந்து, படையினர் இருக்கும் இடத்தைக் கடந்து, அதன்பின்னரே மலையுச்சியில் நம் அப்பனைக் காண்கின்றோம். கோட்டை நடுவே நிற்கின்றது என்று நாம் அப்பனை மறந்தோமில்லை; அப்பனும் நம்மை மறந்திலன். மதிலுக்கு அப்பால் உள்ள தந்தையை நாடும் இச்சிறுவர் நெஞ்சை நம்மினும் நன்றாய் உணரத்தக்கார் யார்?

ஆதலால், சைவப் பெருமக்களே, அடுத்த பிரதோஷ நாளுக்குள் உங்கள் தெருவில் இத்தகைய பிள்ளை ஒன்று உண்டோ என்று அமைதியாய் வினவி அறியுங்கள். இருப்பின், அதன் வீட்டுக்கு ஒருவர் செல்லுங்கள். கொண்டுசெல்லும் பொருள் சிறிதாயினும் ஆகுக. சென்றவர் மீண்டும் செல்லுதலே பெரிது. அன்று சீகாழியில் அழுத பிள்ளையின் கண்ணீரைத் துடைத்த அம்மை திருக்கரம், இன்று நம் கைகளின் வழியே நீளத் திருவருள் துணைபுரிவதாக.

சிவம்.